முதல் டிகாக்‌ஷன் யாருக்கு

நித்யா, சரவணா, ரெண்டு பேரும் இதை உட்கார்ந்து படிங்க. போனை ஒரு கையில் நோண்டிக்கொண்டே படிக்க வேண்டாம். அப்பா பத்தாவது வரைக்கும்தான் தமிழ் படித்தவன், அப்புறம் ஐடிஐ. அதனால் எழுத்தில் அங்கங்கே நட்டு போல்ட்டு லூசாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகரில் நித்யாவின் மாமியார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சம்பந்தியம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல காபி, குறை சொல்ல ஒன்றும் இல்லை. அப்போது சரவணன் ஆரம்பித்தான். "எங்க வீட்ல அப்பாதான் காபி மாஸ்டர். அம்மாவுக்குக் காபி போடவே தெரியாது." நித்யா சும்மா இருந்தாளா? "சுடுதண்ணியாவது ஒழுங்கா வைப்பாங்களான்னு கேளுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மா உங்க அம்மாவைப் பார்த்து, "குடுத்து வெச்சவங்க நீங்க" என்றார்கள். உங்க அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததுதான் தப்பு.

ஆட்டோவில் திரும்பி வரும்போது, "நீ ஏன் ஒண்ணும் சொல்லலை?" என்று அவளைக் கேட்டேன். "சின்னப் பிள்ளைங்க பேசறதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்? விடுங்க" என்றாள். சின்னப் பிள்ளைகளாம். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, ஒருத்தனுக்கு முன்மண்டையில் முடி கொட்டுகிறது. நான் விடுவதாக இல்லை.

உங்க அம்மாவுக்குக் காபி போடத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். நீங்கள் பிறப்பதற்கு முன்னாலிருந்து அவள் இந்த வீட்டில் காபி போடுவதில்லை. ஏன் போடுவதில்லை என்பதை உங்களிடம் நான் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. அது எங்கள் தப்பு. சிரித்தது உங்கள் தப்பு.

இன்றைக்குக் காலையில் ஃபில்டரில் பொடியைக் கொட்டும்போது அந்த மணம் மூக்கில் ஏறியது. பொடியின் மணம் வேறு, டிகாக்‌ஷனின் மணம் வேறு, தெரியுமா? பொடியின் மணத்துக்கு என்னை நேராக சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் இறக்கிவிடுகிற குணம் உண்டு. அப்போது நான் துவாக்குடிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சாயங்காலம் பஸ்ஸில் வந்து சத்திரத்தில் இறங்கி, ஸ்ரீரங்கம் போக ஒன்றாம் நம்பர் பஸ் பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு காபிப்பொடிக் கடை. கொட்டையை அங்கேயே வறுத்து அங்கேயே அரைப்பார்கள். உடம்பெல்லாம் கிரீஸ் நாற்றத்தோடு வருகிற எனக்கு அந்தக் கடை வாசலில் ஒரு நிமிஷம் நிற்பது குளிப்பது மாதிரி.

சனிக்கிழமை தோறும் வீட்டுக்குப் பொடி வாங்கிவருவது என் வேலை. கடைக்காரர் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "சிக்கரி எவ்வளவு போடட்டும்?" என்பார். நூற்றுக்கு இருபது என்பதற்கு மேல் சொல்ல எல்லோருக்கும் கூச்சம். ஏதோ கெட்ட பழக்கத்தை ஒத்துக்கொள்கிற மாதிரி குனிந்துகொண்டு சொல்வார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி "இருபது" என்று சொல்லி, சூடாக இருக்கிற பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். பொடி வாங்குவது நான், மறுநாள் காலையில் காபி குடிப்பது நான். நடுவில் அடுப்படியில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்ததே கிடையாது. மிஷின் ஓடுகிறது, சரக்கு வருகிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அடையவளஞ்சான் தெருவை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. ஆறு பேர். என் அப்பா மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில் வேலை பார்த்தார். போகும்போது வெள்ளைச் சட்டை, வரும்போது தவிட்டுச் சட்டை. என் அம்மா. ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிற என் அண்ணன். அண்ணி. நான். முசிறியிலிருந்து கல்யாணமாகி வந்த உங்க அம்மா.

காலையில் என் அம்மாதான் காபி போடுவாள். ஃபில்டரில் பொடி போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, முதலில் இறங்குகிற கெட்டி டிகாக்‌ஷனில் மூன்று டம்ளர். அப்பாவுக்கு, அண்ணனுக்கு, எனக்கு. யாராவது வந்திருந்தால் அவர்களுக்கும். அப்புறம் அதே பொடியில் இன்னொரு தரம் தண்ணீர் ஊற்றுவாள். இது இரண்டாம் டிகாக்‌ஷன். வெளுத்துப்போய், டார்ச் லைட்டில் பேட்டரி தீர்ந்த மாதிரி இருக்கும். அதில்தான் அம்மா, அண்ணி, உங்க அம்மா மூன்று பேருக்கும். விருந்தாளி கூடிப்போனால் மூன்றாம் தண்ணியும் உண்டு. இப்படித்தான் என்று யாரும் சட்டம் போட்டு நான் கேட்டதில்லை. யாரும் கேள்வி கேட்டும் கேட்டதில்லை.

உங்க அம்மா வந்த நாலாவது நாளே, "எனக்குக் காபி பழக்கம் இல்லீங்க அத்தை" என்று சொல்லிவிட்டாளாம். காபி குடிக்காத பெண் என்று வீட்டில் நல்ல பெயர்தான். நானும் ஒர்க்‌ஷாப்பில், "எங்க வீட்ல காபி டீ எதுவும் குடிக்கிறதில்லப்பா, நல்ல வேளை" என்று பெருமை அடித்திருக்கிறேன். ஒன்றரை வருஷம் நம்பினேன். இரும்பில் அரை நூல் அளவு ஏற்றத்தாழ்வைக் கையால் தடவியே கண்டுபிடிப்பேன் என்று ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் பேர்! வீட்டில் என் லட்சணம் இது.

ஒரு லீவு நாளில் ரெண்டு பேரும் டவுனுக்குப் போனோம். செருப்பு வாங்க என்று ஞாபகம். வெயில். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். சர்வர் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்க அம்மா சொன்னாள்: "ஒரு காபி. ஸ்ட்ராங்கா. சர்க்கரை கம்மியா. நுரையைக் குறைச்சு டம்ளர் நிறைய வேணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீதான் காபியே குடிக்க மாட்டியே?"

"யாரு சொன்னா?"

"நீதானே சொன்னே?"

"உங்க வீட்டுக் காபியைக் குடிக்க மாட்டேன்னுதாங்க அர்த்தம்."

காபி வந்தது. டபராவில் ஊற்றவில்லை, ஆற்றவில்லை. சுடச்சுட டம்ளரை எடுத்துக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றரை வருஷத்தில் நான் அப்படி ஒரு முகத்தை அவளிடம் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. "இன்னொண்ணு சொல்லுங்க" என்றாள். அதையும் குடித்தாள். அப்புறம்தான் பேசினாள். "அத்தை குடுக்கறது காபி இல்லீங்க. காபி குடிச்ச டம்ளரைக் கழுவின தண்ணி. எங்க முசிறி வீட்ல மாட்டுக்குக் கழுநீர் வைக்கிறப்பகூட அதுல கொஞ்சம் தவிடு போடுவோம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. "நாளைலேருந்து நீ முதல் டிகாக்‌ஷன்லயே எடுத்துக்கோ. நான் அம்மாகிட்ட சொல்றேன்" என்றேன், பெரிய தர்மப்பிரபு மாதிரி.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நானா எடுத்தா அது திருட்டு. அத்தையைக் குடுக்கச் சொன்னா அது பிச்சை. நீங்க போட்டுக் குடுங்க, குடிக்கிறேன்."

"எனக்குப் போடத் தெரியாதே."

"இரும்பையே அறுக்கிறீங்க. இது வராதா?"

அதுதான் ஆரம்பம். அந்த வாரமே அவளுடைய அண்ணன் குழந்தைக்குக் காது குத்து என்று முசிறிக்குப் போனோம். அங்கே அடுப்படியில் வைத்து நாலு நாள் எனக்குப் பயிற்சி. உங்க அம்மா வாத்தியாராக இருந்தால் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியிருப்பார்கள், அவ்வளவு கண்டிப்பு. முதல் நாள் பொடியைப் போட்டு, மேலே குடைத் தட்டை வைத்து, நன்றாக அமுக்கினேன். ஃபிட்டர் கை. எதை எடுத்தாலும் இறுக்கத்தான் தெரியும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் கீழே நாலு சொட்டு. என் மாமனார் எட்டிப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, ஃபில்டர்ல சிமெண்டு போட்டுட்டீங்களா?" என்றார்.

"அமுக்காதீங்க, பொடி ஒரே மட்டமா படியற மாதிரி ரெண்டு தட்டுத் தட்டுங்க, போதும்" என்றாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், சுட்டால் மட்டும் போதாது. வட்டமாக ஊற்ற வேண்டும், ஒரே இடத்தில் குழி பறிக்கக்கூடாது. ஊற்றியதும் மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். "அதையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு நின்னா சீக்கிரம் இறங்கிடுமா?" டிகாக்‌ஷனை அடுப்பில் ஏற்றவே கூடாது. பாலை ஒரு தரம்தான் காய்ச்ச வேண்டும், பொங்கி வருகிற நேரத்தில் இறக்கிவிட வேண்டும். முதலில் டிகாக்‌ஷன், அப்புறம் பால், பால் ஊற்றும்போது கலரைப் பார்க்க வேண்டும். ஓட்டை அடைத்துக்கொண்டால் மேல் பாத்திரத்தைத் தணலில் காட்டி, ஓட்டையில் சிக்கிய பொடியை எரித்துவிட வேண்டும். நீங்கள் ரசித்துக் குடிக்கிற "அப்பா காபி" முழுக்க இவ்வளவுதான். இதில் ஒரு வரிகூட அப்பாவுடையது இல்லை.

ஸ்ரீரங்கம் திரும்பிய மறுநாள், என் அம்மா எழுந்திருப்பதற்கு முன்னால் நான் அடுப்படியில் இருந்தேன். ஒர்க்‌ஷாப்பில் பெரிய டிரில்லிங் மிஷினை முதல் தரம் தொட்டபோதுகூட அப்படிப் பயந்ததில்லை. இறங்கிய முதல் டிகாக்‌ஷனை ஆறு டம்ளரில் ஊற்றினேன். ஒரு சொட்டு கூடக்குறைய இல்லாமல் அளந்து ஊற்றினேன். அங்கேதான் கோட்டை விட்டேன். மூன்று பேருக்கான டிகாக்‌ஷனை ஆறாகப் பிரித்தால் என்ன ஆகும்? ஆறும் வெளுப்பு.

அப்பா ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "யாருடா போட்டது?"

"நான்தாம்ப்பா."

"உனக்கு என்ன கேடு?"

அண்ணன் சிரித்தான். "கேடு என்னப்பா, பொண்டாட்டிக்கு ஆத்திக் குடுக்கணும்ல. டேய், அப்படியே அவளுக்குத் தலையும் பின்னி விட்டுடு."

"சொல்லிக் குடுத்தா அதையும் செய்வேன். உனக்குக் காபி வேணுமா, வேண்டாமா?" என்றேன். இப்போது எழுதும்போது தைரியமாகத்தான் இருக்கிறது. அன்றைக்குக் குரல் கீச்சென்று வந்தது.

என் அம்மா தன் டம்ளரை எடுத்து அப்படியே அப்பாவின் டம்ளரில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய், நான் போட்ட பொடியில் மறுபடி தண்ணீர் ஊற்றித் தனக்குக் கலந்துகொண்டாள்.

உங்க அம்மா தன் பங்கைக் குடித்தாள். "எப்படி இருக்கு?" என்றேன் ரகசியமாக. "தண்ணியாத்தான் இருக்கு. நீதிபதி மாதிரி பங்கு போட்டீங்களே, பொடியைக் கூட்டிப் போட வேண்டாமா?" என்றாள். அழுவாள், உருகுவாள் என்று எதிர்பார்த்தேன். அதெல்லாம் உங்க அம்மாவிடம் கிடைக்காது.

பொடியைக் கூட்டலாம் என்றால் ஃபில்டர் கொள்ளவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் ஆறு பேர் இருந்தோம், ஃபில்டர் மூன்று பேருக்குத்தான் இருந்தது. வாங்கும்போதே அப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள். சாயங்காலம் பெரிய கடை வீதியில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். "எத்தனை பேருக்குங்க?" என்றார் கடைக்காரர். ஆறு என்றேன். நடு சைஸ் ஒன்றை எடுத்து வைத்தார். அதைவிடப் பெரியதைக் கேட்டேன். "ஆறு பேருக்கு எதுக்குங்க இவ்வளவு பெருசு? ஆம்பளைங்க குடிச்சதும் ரெண்டாவது தண்ணி விட்டா இதுவே போதுமே" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஊரே அப்படித்தான் சைஸ் பார்த்து வாங்கியது. நான் பெரியதையே வாங்கிவந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "கல்யாண வீடுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அதற்கப்புறம் காபி கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா குடிக்கவில்லை. காலையில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு தெற்கு வாசல் பக்கம் ஒரு கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தார். துணைக்கு அண்ணனும் போனான். பிள்ளை போடுகிற காபியை அப்பன் குடிக்கவில்லை என்பது சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. போஸ்டாபீஸிலிருந்து ரிடையரான ஒரு மாமா உத்தர வீதியில் இருந்தார், நாமம் கலையாமல் சைக்கிள் ஓட்டுவார். அவர் என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏன்டாப்பா, உங்காத்துல நீதான் காபி போடறயாமே? ஆத்துக்காரிக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா மாமா. நான் போடறேன், அவ்வளவுதான்."

அவர் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "எங்காத்துலயும் முப்பது வருஷமா நாந்தான் போடறேன். வெளில சொல்லிண்டு திரியாதே."

எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். முப்பது வருஷமாகச் செய்கிற மனுஷன், அதைத் திருட்டுத்தனமாகச் செய்திருக்கிறார்! அன்றிலிருந்து நான் வேண்டுமென்றே ஃபில்டரை வாசல் பைப்பில் கொண்டுபோய் வைத்துத்தான் கழுவினேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

ஆனால் ஒரு இடத்தில் நான் தோற்றேன். அதையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் பாதிப் பொய் ஆகிவிடும்.

அப்பா கடைக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரம் இருக்கும். நான் ஆறு டம்ளரை வரிசையாக வைத்து ஆற்றிக்கொண்டிருந்தேன். என் அம்மா நிலைப்படியில் நின்றாள். "ஏன்டா, உன் அப்பாவைக் கடை காபி குடிக்க வெச்சுட்டியே, நல்லா இருக்காடா?" என்றாள்.

"அவரை யாரும்மா போகச் சொன்னது? உங்க எல்லாருக்கும்தானே போடறேன். இந்தா, இது உனக்கு."

"எனக்கா?" அந்த டம்ளரைப் பார்த்தாள். "நீ பத்தாவது படிக்கிறப்ப விடியக்காலைல எழுப்பி, முதல் டிகாக்‌ஷன்ல காபி குடுத்துப் படிக்க வெச்சேனே. அப்ப நான் என்ன குடிச்சேன்னு பார்த்தியா? முப்பத்திரண்டு வருஷமாக் குடிக்கிறேன். என்னைக்காச்சும் கேட்டியா? அவ வந்து ஒன்றரை வருஷத்துல உனக்குக் கண்ணு தெரிஞ்சுடுச்சு. இது எனக்குப் போட்டது இல்லடா. அவளுக்குப் போடும்போது சேர்த்துப் போட்டது."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவள் சொன்னது அப்பட்டமான உண்மை. பால் ஆடை கட்டிக்கொண்டு வந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆனால் மறுநாளும் ஆறு டம்ளர்தான் வைத்தேன். கேட்காமல் இருந்தது தப்பு என்றால், தெரிந்த பிறகும் அஞ்சு டம்ளர் வைப்பது அதைவிடத் தப்பு.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, காலையில் நல்ல மழை. சந்தில் முழங்கால் தண்ணீர். அப்பா சட்டையைப் போட்டார், வாசலைப் பார்த்தார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். உட்கார்ந்தார். கையை மட்டும் நீட்டினார். நான் டம்ளரை வைத்தேன். முழுசாகக் குடித்துவிட்டு, "நாளைக்கு சர்க்கரை ஒரு அரை ஸ்பூன் கொறை" என்றார். அவ்வளவுதான், போராட்டம் முடிந்தது. அண்ணன் தனியாகப் போய் நனைய விரும்பாமல் அவனும் உட்கார்ந்தான். அப்போது பார்த்து அண்ணி அடுப்படியிலிருந்து, "தம்பி, எனக்கு டிகாக்‌ஷன் இன்னும் கொஞ்சம் தூக்கலா ஊத்துங்க" என்றாள். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எட்டு வருஷமாக அவன் பெண்டாட்டிக்கு எப்படிக் காபி பிடிக்கும் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மழை விட்டதும் என் அம்மா உங்க அம்மாவைக் கூப்பிட்டாள். சமாதானம் பேசத்தான். "சரிம்மா. எல்லாருக்கும் முதல் டிகாக்‌ஷனே போட்டுக்கலாம். பெரிய ஃபில்டர்தான் வந்தாச்சே. ஆனா நீ போடு. ஆம்பளைப் பிள்ளை அடுப்படில நிக்கிறது பார்க்க நல்லா இல்லை." நான் பக்கத்தில்தான் இருந்தேன். நியாயமாகத்தானே இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. உண்மையைச் சொன்னால், விடியற்காலையில் எழுந்து எழுந்து எனக்கும் அலுத்துப்போயிருந்தது.

உங்க அம்மா ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "இல்லீங்க அத்தை. நான் போட்டா எல்லாருக்கும் குடுத்துட்டு மிச்சத்தைத்தான் நான் எடுத்துக்குவேன். பொடி கம்மியா இருந்தா எனக்குத்தான் தண்ணி விட்டுக்குவேன். யாரும் சொல்ல வேண்டாம், என் கையே அப்படிச் செஞ்சிடும். எங்க அம்மாவும் அப்படித்தான், நீங்களும் அப்படித்தான். அவரே போடட்டுங்க."

இதுதான் பிள்ளைகளே, உங்க அம்மாவுக்குக் காபி போடத் தெரியாத கதை. தன் கையை நம்பாமல் அவள் அதைக் கட்டிப்போட்டாள். ஆசை இல்லாமல் இல்லை. நான் ஃபில்டரில் பொடியைத் தட்டும்போது அவள் விரல் தானாகத் தட்டுவதை இன்றைக்கும் பார்க்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்த நாட்களில் இந்த வீட்டில் டீதான் குடித்தீர்கள், ஞாபகம் இருக்கா? அம்மாவுக்குத் தெரியாது என்று நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள். அடுத்த தரம் நாலு பேர் முன்னால் சொல்வதாக இருந்தால் சரியாகச் சொல்லுங்கள். சரவணா, உனக்கு நாளைக்குக் கல்யாணம் ஆனால் உன் பெண்டாட்டி காபி குடிப்பதில்லை என்று சொன்னால் உடனே நம்பிவிடாதே. நித்யா, உன் மாமியார் போட்ட காபி நன்றாக இருந்தது. அவர்கள் டம்ளரில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. நீ பார்.

உங்க அப்பாயி, என் அம்மா, கடைசிவரை நான் வைத்த காபியைக் குடிக்கவில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், என்னவென்று தெரிந்திருக்காது. என் அப்பா காலமாகி, அண்ணன் தனிக்குடித்தனம் போய், நாம் இந்த வீட்டுக்கு வந்த பிறகும் நான் தினமும் அவளுக்கு ஒரு டம்ளர் வைத்தேன். அவள் தினமும் அதை யாருக்காவது கொடுத்தாள். பால்காரருக்கு, கேஸ் கொண்டுவருகிறவருக்கு, சரவணனுக்கு. அப்புறம் ஃபில்டரில் இருந்த பொடியில் தண்ணீர் ஊற்றித் தனக்குப் போட்டுக்கொண்டாள். பழகிப்போச்சு, அதான் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பழக்கமாவது ஒன்றாவது. அது அடம். முப்பத்திரண்டு வருஷம் கழித்து, இன்னொருத்தியோடு சேர்த்துக் கொடுத்ததை வாங்க மாட்டேன் என்கிற அடம். அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. எனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

இப்போது அந்தச் சந்து வீடு இல்லை. கீழே கார் நிறுத்துகிற இடமும் மேலே நாலு மாடியும் இருக்கின்றன. சத்திரத்தில் பொடிக் கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். கொட்டை வறுக்கிற மணம் அந்தப் பஸ் ஸ்டாண்டை விட்டே போய்விட்டது. அதற்கு எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். டிகாக்‌ஷனே பாக்கெட்டில் வருகிறது, எல்லோருக்கும் ஒரே டிகாக்‌ஷன், ஒரே கலர். இரண்டாம் டிகாக்‌ஷன் என்ற வார்த்தையைச் சொன்னால் கடைப் பையன்களுக்குப் புரிவதில்லை. பழசெல்லாம் போச்சே என்று என் வயசுக்காரர்கள் நடைப்பயிற்சியில் புலம்பும்போது நான் அதில் சேர்ந்துகொள்வதில்லை. சில பழசு போனது ரொம்ப நல்லது. அதைப் போகச் சொல்லி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டவர்களில் உங்க அம்மா ஒருத்தி. நான் கூடப் போனேன். அதற்காக யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கப்போவதும் இல்லை.

அப்பாயிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், உங்க அம்மா உங்கள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு முசிறிக்குப் போயிருந்தாள். நான் வழக்கம்போல் காபி போட்டேன். எனக்கு ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டதும் பொடியைக் கொட்டாமல் ஃபில்டரை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் அம்மா வந்து தண்ணீர் ஊற்றிக்கொள்வாள் என்று கை பழகியிருந்தது. பத்து மணிக்கு அடுப்படிக்குப் போனபோதுதான் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து அந்தப் பொடியில் ஊற்றினேன். முழுசாக இறங்கும்வரை நின்றேன். மிச்சம் இருந்த பாலில் கலந்தேன். அதுவரைக்கும் நான் அதை ஒரு வாய்கூடக் குடித்துப் பார்த்ததில்லை. மணம் கொஞ்சம் இருந்தது. ருசி என்று சொல்ல ஒன்றும் இல்லை, அடி நாக்கில் ஒரு கசப்பு மட்டும். கொட்டிவிடலாம் போல இருந்தது. கொட்டவில்லை. டம்ளர் முழுக்கக் குடித்தேன்.